பழைய ஸ்கூல் வேனை வீடாக்கி ஸ்ரீநகர் வரைக்கும் போனோம்: என்ன மாட்டினோம், எது எங்க கழண்டுச்சு

வண்டி 2018 மாடல் ஃபோர்ஸ் டிராவலர், 3350 எம்.எம். வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம்), கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு ஓடிட்டு இருந்தது. டூரிஸ்ட்டுக்கு ஓடின டிராவலர்னா மீட்டரே மூணு நாலு லட்சம் காட்டும், ஸ்கூல் வண்டி காலையில ஒரு நடை சாயங்காலம் ஒரு நடை, மே மாசம் முழுக்க ஷெட்ல நிக்கும், இன்ஜின் பெருசா தேஞ்சிருக்காது. ஆனா அடித்தகடு துரு புடிச்சிருக்கும், பசங்க தண்ணி பாட்டிலைக் கொட்டிக் கொட்டி சீட்டுக் காலுக்கு கீழ எல்லாம் அரிச்சிருக்கும், அதைக் காட்டித்தான் வெலையைக் குறைக்கணும். ரொம்ப பழைய மாடல் எடுக்காததுக்கு இன்னொரு காரணம் டெல்லி, அங்க பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டின்னா எப்பவுமே ஏதாவது ஒரு தகராறு.

ரூட்டு பெருசா யோசிக்கவே இல்லை. என்.எச். 44 தான். கன்னியாகுமரியில ஆரம்பிச்சு ஸ்ரீநகர் வரைக்கும் 3,700 கிலோமீட்டருக்கு மேல, அது கரூர் வழியாத்தான் போகுது, நாங்க வண்டியை பாடி கட்டக் கொடுத்ததும் கரூர்லதான், பட்டறையில இருந்து வெளிய வந்து மேம்பாலத்துல ஏறினா காஷ்மீர் ரோடு. நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் எடுக்கறேன், லீவு கிடைக்கறது மே ஜூன்லதான், அதனால நாட்டுலயே கொதிக்கற ரெண்டு மாசத்துலதான் போயாகணும். வீட்டுக்காரருக்கு ஈரோட்ல ஜவுளிக்கடை, அவருக்கு வண்டி ஓட்டறதுன்னா உசுரு, ஸ்பேனரைத் தொடறதுன்னா அலர்ஜி. அதனால ஓட்டறது அவர், ஒயரிங்கும் ரிப்பேரும் நான்.

கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறைங்க எவ்வளவு இருக்குன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும். நாங்க போனது சின்ன பட்டறைதான். நான் ஒரு லிஸ்ட் எழுதிட்டுப் போயிருந்தேன், வெளிநாட்டு மோட்டார்ஹோம் வீடியோ எல்லாம் பார்த்துட்டு, ரிமோட்ல திறக்கற ரூஃப் வென்ட், ஜெர்மன் பம்ப், இத்தாலி குழாய் அப்படின்னு. மேஸ்திரி அதை முழுசா படிச்சுப் பார்த்துட்டு மெதுவா சொன்னாரு, "அம்முணி, இதுல ஒண்ணு மத்தியப்பிரதேசத்துல போயி ஒடைஞ்சா எங்கீங்க வாங்குவீங்க? லாரிக்காரன் வாங்கற சாமானா பார்த்துப் போடுங்க, எந்த ஊர்லயும் கெடைக்கும்." அன்னைக்கு எனக்கு கொஞ்சம் சப்புன்னுதான் இருந்துச்சு, ஆனா அந்த லிஸ்ட்ல பாதிக்கு மேல அடிச்சுட்டு, லாரி ஸ்பேர் கடை, பஸ் கண்ணாடி கடை, விவசாய சாமான் கடை, ஏ.சி. டக்ட் போடறவங்க, இவங்ககிட்ட கிடைக்கறது எதுவோ அதுலயே முடிக்கறதுன்னு ஆயிடுச்சு. இந்த பதிவே அதைப் பத்தித்தான்.

வேலைக்கு முன்னாடி பேப்பர். ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, அதனால சீட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்க, முடிச்சதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்க. மோட்டார் கேரவனுக்குன்னு ஏ.ஐ.எஸ். 124ன்னு தனி ஸ்டாண்டர்டே இருக்கு, பட்டறைக்காரர்கிட்ட அதை முதல்லயே பேசிடறது நல்லது. இதுல அலைச்சல் உண்டு, அதுக்கு மேல இதைப் பத்தி எழுத என்கிட்ட பொறுமை இல்லை.

சீட்டு, ரெக்சின், தரை மேட் எல்லாம் உரிச்சதும் தகடு மட்டும் நின்னுச்சு. துரு இருந்த எடத்தை வெட்டிப் புதுத்தகடு வெல்டு வெச்சு, ரெட் ஆக்ஸைடு அடிச்சு, அடியில அண்டர்கோட்டிங். அப்புறம் வெயிலுக்கு என்ன பண்றதுங்கறதுதான் பெரிய கேள்வி. மே மாசம் மத்தியானம் அந்த வெறும் கூரையைத் தொட்டா தோசைக்கல்லுதான். தெர்மாகோல் வேண்டாம்னு உடனே சொல்லிட்டேன், அது வண்டி ஆட்டத்துல கிறீச் கிறீச்னு கத்தும், கொஞ்ச நாள்ல பொடியா உதிரும், தீப்புடிச்சா அவ்வளவுதான். கிளாஸ் வூல் ஈரம் குடிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். கடைசியில ஏ.சி. டக்ட்டுக்கு சுத்தற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் 19 எம்.எம். ரெண்டு அடுக்கா கூரைக்கும், ஒரு அடுக்கு சைடுக்கும் ஒட்டினோம். வளைவுக்கு ஏத்த மாதிரி வளையும், ஈரம் இறங்காது, சத்தத்தையும் அடக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி தகட்டை தின்னர் போட்டு சுத்தமா துடைச்சே ஆகணும், கொஞ்சம் எண்ணெய்ப்பிசுக்கு இருந்தாலும் வெயில்ல பேஸ்ட் விட்டுடும்.

இதுல முக்கியமான ஒண்ணு, தகட்டை மட்டும் மூடினா போதாது, கூரையில குறுக்கே போற இரும்பு சட்டம் ஒவ்வொண்ணும் வெளிச்சூட்டை நேரா உள்ள கொண்டு வரும். எல்லாத்துக்கும் ஷீட் மூடி மேலதான் ஏ.சி.பி. ஷீட் (ரெண்டு பக்கம் அலுமினியம், நடுவுல பிளாஸ்டிக்) அடிக்கணும். பளபளன்னு வெள்ளி ஃபாயில் இருக்கே, அதை நிறைய பேர் தகட்டோட அப்படியே ஒட்டிடறாங்க, அப்படி ஒட்டினா அது வெறும் அழகு, முன்னாடி காத்து இடைவெளி இருந்தாத்தான் அது சூட்டைத் திருப்பி அனுப்பும். வெளிய கூரைக்கு வெள்ளை கூல் பெயின்ட். சோலார் பேனலை கூரையில இருந்து நாலு விரக்கடை தூக்கி மாட்டினோம், பேனல் நிழலே பாதி கூரையை மூடிடுது, நடுவுல காத்தும் ஓடுது.

ரிமோட் வென்ட்டுக்கு பதிலா பஸ்ல இருக்குமே அந்த ரூஃப் ஹேட்ச், கையால தள்ளித் திறக்கறது. அதுக்கு கீழ லாரி கேபின்ல டிரைவருக்கு மாட்டற 12 வோல்ட் ஃபேன் ரெண்டு, ஒண்ணு காத்தை வெளிய தள்ற மாதிரி. ஜன்னல் எல்லாம் பஸ் ஸ்லைடிங் கண்ணாடி, ரப்பர் சேனல் போட்டு, உள்பக்கம் கொசுவலை.

கட்டில், அலமாரி, சமையல் மேடை எல்லாம் 12 எம்.எம். மரைன் பிளைவுட். இங்க ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் ஒரு சண்டையே நடந்துச்சு, ஆசாரி வீட்டு அலமாரி மாதிரி ஃபெவிகால், ஸ்க்ரூன்னு போறாரு, மேஸ்திரி ஓடற வண்டியில மரத்துல ஏத்தின ஸ்க்ரூ நிக்காதுங்கறாரு. மேஸ்திரி சொன்னதுதான் நடந்துச்சு. பெரிய பாரம் தாங்கற எடம் எல்லாம் பாடி சட்டத்துல ரிவெட் நட் (தகட்டுலயே மரை உண்டாக்கற நட்) அடிச்சு போல்ட், அதுவும் ஆட்டத்துல கழளாத நைலாக் நட்டோட. கதவுக்கு காந்தம் பத்தாது, அமுக்கினா பூட்டற புஷ் லாக்தான் வேணும்.

இப்ப என் வேலை, கரன்ட். முதல்ல ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்னு கணக்கு போட்டேன். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வெயில் காலத்துல ஒரு நாளைக்கு சுமார் 700 வாட் அவர், ஃபேன் ரெண்டும் 25 வாட் வீதம் 12 மணி நேரம் ஓடினா 600, லைட் 75, போனு லேப்டாப்பு எல்லாம் சேர்த்து 250, மொத்தம் 1,600க்கு கொஞ்சம் மேல. பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 வோல்ட் 200 ஆம்பியர் அவர், அதாவது 2,560 வாட் அவர், வெயிலே இல்லாட்டியும் ஒன்றரை நாள் தாங்கும். கூரையில 330 வாட் பேனல் ரெண்டு. 660 வாட்டுன்னு எழுதியிருக்கறதை நம்பிடாதீங்க, அது பேனல்ல இருக்கற செல்லு 25 டிகிரியில இருக்கறப்ப சொல்ற கணக்கு, நம்ம மே மாச வெயில்ல செல்லு 65 டிகிரி வரைக்கும் போகும், டிகிரிக்கு 0.4 சதவீதம் வீதம் குறைஞ்சு 550 வாட்டுக்கு வந்துடும், படுக்க வெச்சிருக்கறதால இன்னும் கொஞ்சம் போகும். இந்த பேனல் 37 வோல்ட்டு கிட்ட தர்றது, 12 வோல்ட் பேட்டரிக்கு சாதா பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் போட்டா பாதிக்கு மேல வீணாப் போயிடும், கூடுதல் வோல்ட்டை ஆம்பியரா மாத்தித் தர்ற எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்தான் போடணும்.

வண்டி ஓடறப்ப ஆல்டர்னேட்டர்ல இருந்தும் சார்ஜ் ஏறணும். லித்தியத்தை நேரா ஆல்டர்னேட்டர்ல கோத்துட்டா அது இழுக்கற இழுப்புக்கு ஆல்டர்னேட்டர் சூடாகி புகைஞ்சிடும், அதனால நடுவுல இழுப்பைக் கட்டுப்படுத்தற 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர். ஆறு மணி நேரம் ஓட்டினா 180 ஆம்பியர் அவர், கிட்டத்தட்ட முழு பேட்டரி. உண்மையைச் சொன்னா தினமும் ஓட்டற ஆளுங்களுக்கு சோலாரை விட இதுதான் சோறு போடுது.

ஒயர் விஷயத்துல மட்டும் யார் சொன்னாலும் கேக்காதீங்க, கணக்கு போடுங்க. பட்டறை எலக்ட்ரீஷியன் ஃப்ரிட்ஜுக்கு வீட்டுக்கு இழுக்கற 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போதும்னாரு. பேட்டரியில இருந்து ஃப்ரிட்ஜுக்கு 6 மீட்டர், போக வர 12 மீட்டர், 1.5 ஸ்கொயர்ல ரெசிஸ்டன்ஸ் 0.14 ஓம், கம்ப்ரஸர் கிளம்பறப்ப 10 ஆம்பியர் இழுத்தா 1.4 வோல்ட் ஒயர்லயே போயிடும், ஃப்ரிட்ஜு வோல்டேஜ் பத்தலைன்னு கட் ஆகி கட் ஆகி ஓடும். 6 ஸ்கொயர் போட்டா 0.35 வோல்ட்தான் போகும். 230 வோல்ட்ல இந்த 1.4 வோல்ட் யாருக்கும் தெரியாது, 12 வோல்ட்ல அது 12 சதவீதம். நான் நோட்டுல எழுதிக் காட்டினதும் அவரே போய் 6 ஸ்கொயர் வாங்கிட்டு வந்துட்டாரு, அதுவும் பல இழை ஒயரா, ஒத்தைக்கம்பி ஒயர் அதிர்வுல முறிஞ்சிடும். ஒயர் முனையில மாட்டற லக் எல்லாம் ஹைட்ராலிக் கிரிம்ப், அதாவது அமுக்கி நசுக்கறது, சால்டரிங் கிடையாது. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளயே மெகா ஃபியூஸ், அடுத்து லாரிக்கு போடற கட்-ஆஃப் சுவிட்ச், நாமக்கல்ல வாங்கினது.

சமையலுக்கு இண்டக்ஷன் வெக்கலாமேன்னு வீட்டுக்காரர் கேட்டாரு. 1,800 வாட் அடுப்புக்கு 12 வோல்ட்ல 150 ஆம்பியர், இன்வெர்ட்டர் நஷ்டம் வேற, கைவெரல் தடிப்புக்கு கேபிள் போகணும், ஒரு சோறு ஒரு குழம்பு வெச்சா பேட்டரியில கால்வாசி காலி. கேஸ்தான். 5 கிலோ சின்ன சிலிண்டர், இண்டேன்ல சோட்டுன்னு விக்கறாங்க, அதை மாத்தறதுக்கு ஊர் அட்ரஸ் கேக்க மாட்டாங்க. கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையில போய் தேங்கும், அதனால சிலிண்டர் பெட்டிக்கு அடியில வெளிய போற மாதிரி ஓட்டை கட்டாயம், பெட்டி உள்பக்கம் திறக்கவே கூடாது, வெளிப்பக்க கதவுதான். சமைக்கறப்ப மேல ஹேட்ச் திறந்தே இருக்கணும். ராத்திரி படுக்கறப்ப ரெகுலேட்டர் ஆஃப்.

தண்ணி 90 லிட்டர், கட்டிலுக்கு அடியில, பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி வர்ற மாதிரி. குழாய் எல்லாம் பிரெய்டட் ஹோஸ், கிளாம்ப் போட்டது. சி.பி.வி.சி. ஒட்டினா அழகா இருக்கும், ஆட்டத்துல ஜாயின்ட் விரியும். பம்ப்புதான் எனக்கு ரொம்ப புடிச்ச சமாச்சாரம். மருந்து அடிக்கற பேட்டரி ஸ்ப்ரேயர் இருக்கில்ல, முதுகுல மாட்டறது, அதுக்குள்ள இருக்கற 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப், பிரஷர் சுவிட்ச்சோட வருது, குழாயைத் திறந்தா ஓடும் மூடினா நிக்கும். வெளிநாட்டு மோட்டார்ஹோம்ல மாட்டற பம்ப்பும் இதே தத்துவம்தான், வெலைதான் பல மடங்கு.

டாய்லெட்டுக்கு ரொம்ப இழுக்கல. பகல்ல பெட்ரோல் பங்க், தாபா. ராத்திரி அவசரத்துக்கு மட்டும் ஒண்ணுக்கு தனியா ரெண்டுக்கு தனியா பிரியற மாதிரி ஒரு சின்ன பெட்டி, அதுல தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சி பக்கம் கிடைக்கற 5 கிலோ கட்டி ஒண்ணு ஊறினா 60, 70 லிட்டர் வரும், போக வர அதுவே மிச்சம். ஈரம் சேராட்டி நாத்தமே வராது, அவ்வளவுதான் ரகசியம். பொம்பளைங்க நீண்ட பயணம் போறதுல இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு ஆம்பளைங்களுக்கு சொன்னாலும் புரியாது.

கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணி, டீசல், சாமான் எல்லாம் ரொப்பி எடை மேடையில ஏத்திப் பாத்தோம். மொத்த எடை மட்டும் பாக்காம முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் ஒரு தடவைன்னு போடச் சொன்னோம், மேடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. பின்னாடி பாரம் தூக்கலா இருந்துச்சு, பேட்டரியை டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மாத்தினதும் சரியாச்சு.

ஓசூர், பெங்களூர், அனந்தபூர், கர்னூல், அதுவரைக்கும் ஒண்ணும் இல்லை, ரோடு அவ்வளவு வழுவழுப்பு. வண்டி எங்க சத்தம் போடுதுன்னு நான் பின்னாடி உக்காந்து காதை வெச்சு கேட்டுட்டே வந்தேன், ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஒரு துண்டு ஃபெல்ட். ஹைதராபாத் தாண்டி அதிலாபாத் பக்கம் ரோடு வேலை நடக்கற எடத்துல டைவர்ஷன்ல எறங்கி ஏறினதுல மேல் அலமாரி கதவு கீல் ஒண்ணு பேத்துக்கிட்டு வந்துடுச்சு, பருப்பு டப்பா எல்லாம் கட்டில்ல. கீலை மட்டும் ஆசாரி ஸ்க்ரூவுலயே விட்டிருந்தாரு. ஸ்க்ரூவை எடுத்துட்டு ஊடுருவிப் போற மாதிரி எம்4 போல்ட், பின்னாடி அகல வாஷர், நைலாக். மீதி கீலுக்கும் அங்கயே பண்ணிட்டேன், அதுக்கப்புறம் ஊர் திரும்பற வரைக்கும் ஒண்ணும் அசையல.

நாக்பூர். அங்க போய் சேர்ந்தப்ப வெளிய 44 டிகிரி. இன்சுலேஷன் எல்லாம் வேலை செய்யுது, கூரை உள்பக்கம் தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கு, ஆனா உள்ள வர்ற காத்தே 44ன்னா ஃபேன் என்ன பண்ணும், சூட்டை எடுத்து மூஞ்சியில வீசுது. இன்சுலேஷன் சூடு ஏறறதைத் தாமதம் பண்ணும், குளிர வைக்காது. ஏ.சி. போடலாம்னா ஒரு டன்னு ஏ.சி. சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும், எங்க பேட்டரி ரெண்டு மணி நேரத்துல படுத்துடும். அப்பதான் ஊரைச் சுத்திப் பாக்கறேன், வீட்டுக்கு வீடு ஜன்னல்ல பெரிய தகர கூலர் தொங்குது, வெட்டிவேர் பட்டை, மரச்சீவல் பட்டை எல்லாம் தெருவுல குமிச்சு விக்கறாங்க. நம்ம ஊர்ல கூலர்னா புழுக்கம்தான் வரும், ஏன்னா நம்ம காத்துல ஏற்கனவே ஈரம். விதர்பா வெயில் வறண்ட வெயில், அங்க தண்ணி ஆவியாகறதுக்கு எடம் இருக்கு.

கணக்கு போட்டுப் பாத்தா அசந்துட்டேன். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகறப்ப சுத்தியிருக்கற காத்துல இருந்து 2,400 கிலோஜூல் எடுத்துக்கும், அதாவது 0.67 யூனிட் அளவுக்கு குளிர்ச்சி. மணிக்கு ரெண்டு லிட்டர் ஆவியானா 1.3 கிலோவாட் குளிர்ச்சி, அதுக்கு செலவு ஒரு ஃபேன், ஒரு குட்டி பம்ப், ரெண்டும் சேர்த்து 40 வாட். ஒரு கூலர் கடையில பாய்க்கிட்ட எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில சொன்னேன், பாபி பாபின்னு கூப்பிட்டு அவரே உக்காந்து ஒரு மரச்சீவல் பட்டையை ஜன்னல் அளவுக்கு வெட்டிக் கம்பி வலைக்குள்ள வெச்சு கட்டிக் கொடுத்தாரு, பழைய எண்ணெய் டின்னை அறுத்து தொட்டி, 12 வோல்ட் குட்டி பம்ப், மேல ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய். ஹேட்ச் ஃபேன்ல ஒண்ணைக் கழட்டி அதுக்குப் பின்னாடி மாட்டினேன். ஓட விட்டு கூலர் வாயில தெர்மாமீட்டரைப் புடிச்சா 29. வீட்டுக்காரர் கட்டில்ல படுத்துக்கிட்டு "கண்ணு, இதை நம்ம ஊர்லயே மாட்டியிருக்கலாமில்ல"ங்கறாரு. ஈரோட்ல மாட்டியிருந்தா இவ்வளவு எறங்கியிருக்காது, எதிர்ப்பக்கம் ஜன்னலையும் ஹேட்ச்சையும் திறந்து வெச்சாத்தான் வேலை செய்யும், ஈரக்காத்து வெளிய போகணும், இதை அவருக்கு தினமும் ஞாபகப்படுத்த வேண்டியதாப் போச்சு.

நாக்பூர் தாண்டி சிவனி போற வழியில பென்ச் காட்டுக்குள்ள ரோட்டையே தூக்கி பாலமா கட்டியிருக்காங்க, புலி, மான் எல்லாம் அடியில போறதுக்கு. பக்கத்துல சத்தத் தடுப்புச் சுவர் உசரமா இருக்கறதால ஒண்ணும் தெரியாது. நல்ல விஷயம்தான், எங்களுக்குத்தான் ஏமாத்தம்.

சாகர் கிட்ட பம்ப் நின்னுடுச்சு. மோட்டார் ஓடற சத்தம் வருது, தண்ணி வரல. கழட்டிப் பாத்தா வழியில ஒரு தாபாவுல புடிச்ச போர் தண்ணியில வந்த மணல் வால்வு ரப்பர்ல சிக்கிக் கிழிச்சிருக்கு. விவசாயச் சாமான் கடை எங்கன்னு கேட்டோம், அடுத்த டவுன்லயே மூணு கடை, ஸ்ப்ரேயர் பம்ப் தொங்குது, கம்பெனி வேற, போல்ட் ஓட்டை அதே எடத்துல. மாட்டி முடிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்கு பாத்திரம் கழுவிட்டோம். அந்த ஜெர்மன் பம்ப்பா இருந்திருந்தா கூரியர் வர்ற வரைக்கும் குடத்துலதான் மொண்டிருக்கணும், மேஸ்திரிக்கு போன் போட்டு சொன்னேன், அவரு ஒரு "ம்ம்" மட்டும்தான். புது பம்ப்புக்கு முன்னாடி பைக்குக்கு போடற பெட்ரோல் ஃபில்டரைச் செருகினேன், அது சீக்கிரம் அடைச்சுது, ஸ்ப்ரேயர் கடையிலயே கிடைக்கற பெரிய ஜல்லடை ஃபில்டர்தான் சரி.

அடுத்தது குவாலியர்ல சோலார். வெயில் மண்டையைப் பிளக்குது, ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு மேல சார்ஜ் பாதியாயிடுது, சாயங்காலம் திரும்ப ஏறுது. பேனல் மேல தூசு துடைச்சும் அதே கதை. எம்.பி.பி.டி. பெட்டியைத் தொட்டா கை வெக்க முடியல, அதுக்குள்ள சூடு ஏறினா அதுவே கரன்ட்டைக் குறைச்சுக்கும், தன்னைக் காப்பாத்திக்கறதுக்கு. அதை மாட்டியிருந்த கப்போர்டு மூடின கப்போர்டு. பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில 12 வோல்ட் ஃபேன் ரெண்டு வாங்கி, ஒண்ணு கீழ காத்தை இழுக்க, ஒண்ணு மேல வெளிய தள்ள, கதவுல வட்டமா அறுத்து மாட்டினதும் மத்தியானமும் நிக்காம ஏறுது. பேட்டரியையும் பாத்துக்கோங்க, செல்லு ரொம்ப சூடானா உள்ள பேட்டரியைக் காக்கறதுக்கு இருக்கற பி.எம்.எஸ். சர்க்யூட் சார்ஜையே நிறுத்திடும். எங்களுது சீட்டுக்குப் பின்னாடி நிழல்ல இருந்ததால தப்பிச்சுது.

ராத்திரி எங்க நிறுத்தினீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. பெரும்பாலும் லாரிங்க நிறைய நிக்கற பெட்ரோல் பங்க், டீசல் அங்கயே ரொப்பிட்டு கேட்டா வேண்டாம்னு யாரும் சொல்லல. டி.என். 28 நம்பர் லாரி எதாவது நின்னா அதுக்குப் பக்கத்துல போட்டுடுவோம், நாமக்கல் டிரைவர் அண்ணன்மாருக்கு தெரியாத பங்க்கே இந்த ரோட்டுல கிடையாது, எந்த பங்க்ல டீசல் திருட்டு, எங்க தண்ணி நல்லா இருக்கும்னு வரைபடம் மாதிரி சொல்லுவாங்க. ஆளில்லாத எடத்துல அழகா இருக்குன்னு நிறுத்தினது ஒரு ராத்திரி கூட இல்லை. அழகு பகல்ல பாத்துக்கலாம்.

டெல்லிக்குள்ள போகல, பல்வல்ல இருந்து குண்ட்லி வரைக்கும் கிழக்குப் புறவழி எக்ஸ்பிரஸ்வே 135 கிலோமீட்டர், அதுல சுத்திட்டு நேரா ஹரியானா. பஞ்சாப்ல வயக்காட்டு மோட்டார் ஓடற எடத்துல கேட்டா குளிக்க விடறாங்க, டேங்க்கும் ரொப்பி, லஸ்ஸியும் கையில கொடுத்துத்தான் அனுப்பறாங்க.

ஜம்முல இருந்து வண்டி ஓட்டறதே வேற. முன்னாடி நாள் சாயங்காலமே பிரேக் பேடு, டிரம்மு, கூலன்ட் எல்லாம் பாத்துட்டோம், டயர் காத்து மட்டும் காலையில, வண்டி ஓடறதுக்கு முன்னாடி பாக்கறதுதான் கணக்கு. வீட்டுக்காரர் ஏற என்ன கியரோ எறங்கவும் அதே கியர்னு கட்டுப்பாடா ஓட்டினாரு, பிரேக் மேல கால் வெச்சுக்கிட்டே எறங்கினா டிரம்மு காஞ்சு பிரேக்கே புடிக்காது. 2017ல திறந்த சேனானி-நாஷ்ரி டனல் 9 கிலோமீட்டருக்கு மேல, பட்னிடாப் மலை ஏற வேண்டியதில்லை. டனலுக்கு முன்னாடி சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழட்டி மூடி போட்டுட்டோம். ராம்பன் கிட்ட மலைச்சரிவு, கல்லு விழுந்து ரோடு மூடிட்டாங்க, மணிக்கணக்கா வரிசை. கார்ல இருந்தவங்க எல்லாம் வெயில்ல எறங்கி நிக்க, நாங்க உள்ள ரசம் வெச்சு சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டோம், முன்னாடி வண்டியில இருந்த ஒரு குடும்பத்துக்கு கைக்குழந்தை, அவங்களைக் கூப்பிட்டு உள்ள படுக்க வெச்சோம். அந்த ரோட்டுல எந்தப் பக்கம் எப்ப விடறாங்கன்னு ஜம்மு காஷ்மீர் டிராஃபிக் போலீஸ் தினமும் அறிவிப்பு போடுவாங்க, அதைப் பாக்காம கிளம்பக்கூடாது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒண்ணாவது கையில இருக்கணும். பனிஹால்-காசிகுண்ட் டனல் 8.5 கிலோமீட்டர், அதைத் தாண்டி வெளிய வந்தா பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் பச்சை, ஏங்க கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்றதுக்குள்ள அவரே ஓரங்கட்டிட்டாரு.

ஸ்ரீநகர்ல கூலரை மடக்கி கட்டிலுக்கு அடியில தள்ளியாச்சு. குளுமையில பேனல் நம்ம ஊரை விட நல்லா வேலை செய்யுது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது விடிகாலை ஈரம். ராத்திரி ஜன்னலை மூடிப் படுத்தா ரெண்டு பேர் மூச்சுக்காத்தும் சமையல் ஆவியும் சேர்ந்து கண்ணாடியில தண்ணியா வழியுது, பின்கதவு சட்டத்துல ஷீட் மூடாம விட்ட ஒரு எடம் இருந்துச்சு, அங்க சொட்டு சொட்டா நிக்குது. ஹேட்ச்சை ரெண்டு விரல் திறந்து வெச்சு ஃபேனை மெதுவா விட்டதும் கண்ணாடி காஞ்சுது.

திரும்பி வந்ததும் வண்டியை நேரா பட்டறைக்கே விட்டோம். பின்கதவு சட்டத்துக்கு நைட்ரைல், கதவு ரப்பர் பீடிங் புதுசு, ஏன்னா மத்தியப்பிரதேசத்து செம்மண் தூசு முழுக்க அந்த வழியாத்தான் உள்ள வந்திருக்கு, வண்டி ஓடறப்ப பின்னாடி காத்தழுத்தம் குறைஞ்சு தூசை உள்ள இழுக்கும். முன்னாடி ஒரு காத்து வழி திறந்து வெச்சு ஓட்டினா உள்ள அழுத்தம் ஏறி தூசு குறையும்னு ஒரு லாரி அண்ணன் சொன்னாரு, வர்றப்ப பண்ணிப் பாத்தோம், பாதிக்கு பாதி குறைஞ்சுது. மேஸ்திரி அந்த நாக்பூர் கூலரைக் கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, டின்னுக்கு பதிலா அலுமினியத்துல செஞ்சு ஜன்னல் சட்டத்தோட மடங்கற மாதிரி கீல் வெச்சுத் தர்றேன்னு வாங்கி வெச்சிருக்காரு. அடுத்த வாரம் தர்றேன்னாரு, கரூர் அடுத்த வாரம் எப்ப வரும்னு பாக்கணும்.